தயாரிப்பு: அபயம்

கடிதங்கள் எல்லாம் 'அன்புள்ள அபயம் ஐயா' என்றே தொடங்கும்.
திரையில் பெயர் நான்கு விநாடி.
அபயாம்பாள் என்று முழுதாய் எழுத இடமில்லை என்றார்
டைட்டில் எழுதுகிறவர்.
"இடம் போனா போகட்டும், நேரத்துல கை வைக்காதீங்க"
என்றார் மாயவரத்துக்காரர்.

நான் அவருக்கு ஒலி.
காதில் ஹெட்போன், தோளில் பன்னிரண்டு கிலோ ரிக்கார்டர்,
எப்போதும் ஒரு கேபிள் தூரத்தில்
கேமராவுக்கு வால்.

முதலில் கொடுத்தது ஊறுகாய் வாரம், கோல வாரம்.
மூன்றாவது வாரம் மாடிப்படியில் டைரக்டரை மறித்து
உரம், பூச்சி, தண்ணீர் கேட்டார்.
"சேத்துல இறங்கணுமேம்மா."
"புடவையைத் தூக்கிச் செருகத் தெரியும் சார்."

வேனில் ஐந்து ஆண்கள். எங்களுக்குப் புளியமரம் போதும்.
அவர் ஊருக்கு ஊர் ஒரு கதவைத் தட்ட வேண்டும்.
வலங்கைமானிலிருந்து கொரடாச்சேரி வரை
எந்தத் தெருவில் எத்தனை வீட்டுக்குக் கக்கூஸ் இல்லை என்று
சர்க்காரைவிட அவர் அடிவயிற்றுக்குத் தெரியும்.
அதையே நிகழ்ச்சியாக்கினார்.
இருட்டும்வரை அடக்கிக்கொள்கிற ஒன்பது பெண்கள்
முகம் மறைக்காமல் பேசினார்கள்.
ஊறுகாய்க்கு வந்ததைவிடக் கடிதம் குறைவு.
அதில் ஒன்று:
ஐயா, உங்களுக்கு எப்படி இது தெரியும்?

பிறகு அந்த ஆடி.
மேட்டூர் திறந்து நாற்பது நாள்.
தஞ்சாவூர் ஆபீஸில் அதிகாரி கேமராவைப் பார்த்துச் சிரித்தார்:
கடைமடைவரை தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டது.
மேடம் கட் சொன்னார், கும்பிட்டார்,
டிரைவரிடம் "தலைஞாயிறு" என்றார்.

அரிச்சந்திரா நதி.
பொய் சொல்லாத ராஜாவின் பேர் வைத்த ஆறு.
அதன் கிளை வாய்க்காலில்
நத்தை ஓடு, ஒற்றைச் செருப்பு, ஆட்டுப் புழுக்கை.
நடவில்லாமல் நின்ற தையல்நாயகி
மைக்கை என் கையோடு சேர்த்துத் தள்ளினாள்.
"என்னைய எதுக்குப் புடிக்கிறே, அளுவேன்னா?
வாய்க்காலப் புடி.
அதுக்கு வாயும் இருக்கு, காலும் இருக்கு."

மேடம் ஒரு விரலைத் தூக்கினார்.
ஓடு என்று அர்த்தம்.
கேமரா நின்ற இடத்தில் நின்றது.
எனக்குக் கேட்டது காற்று. தூரத்தில் பஸ் ஹாரன்.
ஒரு நண்டு வளையை விட்டு வெளியே வந்த சத்தம் என்று
இன்றும் சொல்கிறேன், யாரும் நம்புவதில்லை.

செவ்வாய் இரவு, அதிகாரி சிரித்து முடித்ததும்
மூன்று நிமிடம் பத்து விநாடி.
பின்னணிக் குரல் இல்லை. வீணை இல்லை.
மன்னார்குடியில் டிவியைத் தலையில் தட்டினார்களாம்.
கோடியக்கரைப் பக்கம்
சிலோன் பார்த்தே பழகிய ஆண்டெனாவை
மொட்டைமாடி ஏறித் திருப்பினார்களாம்.
எந்தப் பக்கம் திருப்பியும் அதே வாய்க்கால்.

மெமோ வந்தது:
'ஒலியில்லாப் பகுதியை ஒளிபரப்பியமைக்கு விளக்கம் தருக.'
மேடம் பதில்: 'ஒலி இருந்தது. தண்ணீர்தான் இல்லை.'

இரண்டு வருஷம் நூலகத்தில் போட்டார்கள், கேசட் எண்ண.
எண்ணியபோதுதான் பார்த்தோம்.
டேப் தட்டுப்பாடு. நூற்றுப் பதினாலாம் கேசட்டின் மேலே
ஏதோ ஒரு டெஸ்ட் மேட்சின் நான்காம் நாளை ஏற்றியிருந்தார்கள்.
மழையால் ஆட்டமில்லை.
நனைந்த தார்ப்பாய் ஓடிக்கொண்டே இருந்தது,
மூன்று நிமிடம், முப்பது நிமிடம்.
"பார்றா, தண்ணி வந்துருச்சு" என்றார்.
அன்றைக்குத்தான் அவர் சிரித்து
என் ஊசி சிவப்பைத் தொட்டது.

அப்புறம் பதவி வந்தது, சுழல் நாற்காலி வந்தது,
அவருக்குக் கீழே ஏழு பெண்கள் வந்தார்கள்;
புது வேனில் கழிப்பறை வைக்க
பதினோரு கடிதம் எழுதினார்.
கிடைத்தது ஒரு குடை.

போன மாசம் மாயவரத்திலிருந்து பார்சல்.
லாக் புத்தகம், அவர் கையெழுத்து,
ஓரத்தில் பழைய சேறு.

'ஷாட் 7. வாய்க்கால். தண்ணீர் வரவில்லை. ஓகே.'

அதற்குக் கீழே பென்சிலில்:
தையல்நாயகி, அரைநாள் கூலி, ஐந்து ரூபாய்.
கணக்கில் காட்ட முடியாது.